பாதி கேள்வி தப்பானாலும் பதறாத பிள்ளை: அடாப்டிவ் நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்வது எப்படி?

கேள்வி இது: மகள் கும்பகோணத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடிக்கிறாள், கணக்கில் 95-க்குக் கீழே இறங்கியதில்லை. அப்பாவுக்கு துபாயில் வேலை. ஆகஸ்ட் கடைசியில் அங்கே அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு சேர்க்க வேண்டும். ‘மேப் க்ரோத்’ என்ற கணினி அடாப்டிவ் தேர்வு (பிள்ளை சொல்லும் விடையைப் பொறுத்து அடுத்த கேள்வி கடினமாகவோ சுலபமாகவோ மாறும் தேர்வு), கணிதமும் ஆங்கில வாசிப்பும் இருக்கும் என்று பள்ளி மெயில் அனுப்பியிருக்கிறது. மூன்று மாதம் இருக்கிறது. எந்தப் புத்தகம் வாங்குவது, எந்த கோச்சிங்கில் சேர்ப்பது?

புத்தகம், கோச்சிங் இரண்டையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். உங்கள் மகளுக்கு முதலில் மாற வேண்டியது ஒரு பழக்கம். ‘தெரிஞ்சதை முதல்ல எழுது, தெரியாததைக் கடைசியில பாத்துக்கலாம்’ என்று ஒன்றாம் வகுப்பிலிருந்தே சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம். பேப்பரில் எழுதும் தேர்வுக்கு அது நல்ல யோசனைதான். இந்தத் தேர்வில் ‘கடைசி’ என்ற ஒன்றே கிடையாது. திரையில் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் வரும். விடை தராமல் அடுத்ததற்குப் போக முடியாது; போய்விட்டால் திரும்பி வரவும் முடியாது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் ஏறக்குறைய பாதி கேள்விகள் தப்பாகும். தேர்வே அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. 95 வாங்கியே பழகிய பிள்ளை பத்தாவது கேள்வியில் ‘எனக்கு ஒன்றுமே தெரியவில்லை’ என்று மனசு விட்டு, மீதியை வேகவேகமாகக் கிளிக் செய்துவிட்டு எழுந்து வரும். நம் பக்கத்துப் பிள்ளைகள் இந்தத் தேர்வில் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஏன் பாதி தப்பாகிறது என்பதைப் பிள்ளைக்குத் தராசை வைத்துச் சொல்லலாம். ஒரு தட்டில் பூசணிக்காய். மறு தட்டில் 1 கிலோ படிக்கல் வைத்தால் காய்த் தட்டு கீழே நிற்கிறது. 5 கிலோ வைத்தால் கல் தட்டு இறங்குகிறது. அதை எடுத்து 2 கிலோ, அதோடு 500 கிராம், பிறகு 200 கிராம் என்று மாற்றி மாற்றி வைக்க முள் நடுவுக்கு வரும். இங்கே காய் பிள்ளையின் திறன், கல் கேள்வி. சரியாகச் சொன்னால் அடுத்து கனமான கல், தப்பாகச் சொன்னால் லேசான கல். பிள்ளை சரியாகச் சொல்லவும் தப்பாகச் சொல்லவும் சம வாய்ப்புள்ள கேள்விதான் அதன் திறனைப் பற்றி அதிகம் சொல்லும். அதனால் கணினி அந்த இடத்தைத் தேடிப் போய் அங்கேயே சுற்றும். இதன் கணக்கு டென்மார்க்கைச் சேர்ந்த கியோர்க் ராஷ் 1960-இல் வெளியிட்ட முறையிலிருந்து வருகிறது. மேப் மதிப்பெண்ணுக்கு ‘ரிட்’ (ராஷ் யூனிட்) என்று பெயர் வந்ததும் அவர் பெயரை ஒட்டித்தான்.

சொன்னால் மட்டும் பிள்ளைக்குப் பிடிபடாது, வீட்டிலேயே ஒரு அடாப்டிவ் தேர்வு நடத்துங்கள். அஞ்சலட்டை அளவில் 100 அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். 4, 5, 6, 7, 8 ஆகிய வகுப்புகளின் கணிதப் புத்தகங்களிலிருந்து வகுப்புக்கு 20 கேள்வி, பின்பக்கம் விடை. சமச்சீர் ஆங்கில வழிப் புத்தகங்களும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஐந்து அடுக்காக வையுங்கள். ஆறாம் வகுப்பு அடுக்கில் தொடங்கி, சரியென்றால் ஒரு அடுக்கு மேலே, தப்பென்றால் ஒரு அடுக்கு கீழே. எட்டில் சரியென்றால் எட்டிலேயே இன்னொன்று. மொத்தம் 25 கேள்வி. திரும்பிப் பார்ப்பது கிடையாது, ‘விடு’ என்று தாண்டுவதும் கிடையாது. கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் எந்த அடுக்கு என்று ஒரு புள்ளி வைத்துக் கோடு இழுங்கள்.

6 சரி, 7 சரி, 8 தப்பு, 7 சரி, 8 தப்பு, 7 தப்பு, 6 சரி, 7 சரி என்று கோடு முதலில் ஏறி, பிறகு ரம்பப் பல் மாதிரி மேலும் கீழும் ஆடும். பத்துப் பதினைந்து கேள்விக்குப் பிறகு அது எந்த உயரத்தைச் சுற்றி ஆடுகிறதோ, அதுதான் மதிப்பெண். இன்னொரு பிள்ளையின் கோடு ஐந்தில் ஆடலாம், அந்தப் பிள்ளைக்கும் பாதிதான் தப்பாகியிருக்கும். இருவருக்கும் ‘எத்தனை சரி’ ஒன்றே, இடம் மட்டும் வேறு. உங்கள் மகள் இதைத் தன் கையால் வரைந்து பார்த்துவிட்டால், தப்பு வந்ததும் வயிற்றைப் பிசைகிற பயம் முக்கால்வாசி போய்விடும். வகுப்பு வாரியாக அடுக்கியது தோராயம்தான், எட்டாம் வகுப்புப் புத்தகத்திலும் சுலபமான கணக்கு உண்டு. பழக்கத்துக்கு இந்த அளவு போதும். வாரம் ஒரு முறை, கேள்விகளை மாற்றி மாற்றி நடத்துங்கள்.

அந்தக் கோடு இன்னொன்றையும் காட்டும். கோடு ஏழில் ஆடினால் படிக்க வேண்டியது ஏழாம் அடுக்கைத்தான். எட்டாம் வகுப்புப் பாடத்தை மேலே மேலே கொட்டுவதில் பயனில்லை. ஆறில் இருக்கும் கேள்வியே திரும்பத் திரும்பத் தப்பானால் அது எந்தப் பாடம் என்று பாருங்கள். பெரும்பாலும் பின்னம் அல்லது விகிதமாக இருக்கும். வாய்க்கால் தலைப்பில் வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டால் கடைமடைக்கு எப்படித் தண்ணீர் போகும்? பின்னத்தில் ஒரு வாரம் செலவிட்டால் விகிதம், சதவீதம், நிகழ்தகவு, ஸ்கேல் வரைபடம் என்று நாலு பாடம் ஒன்றாகத் திறக்கும்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கணினியில் எழுதும் தேர்வெல்லாம் அடாப்டிவ் இல்லை. ஜே.இ.இ. மெயின், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் இரண்டும் கணினியில்தான் நடக்கின்றன. ஆனால் கேள்வித்தாள் முன்பே முடிவானது, முன்னும் பின்னும் போகலாம், தப்புக்கு மதிப்பெண் கழியும். காரைக்கால் நவோதயாவுக்கோ அமராவதிநகர் சைனிக் பள்ளிக்கோ எழுதும் நுழைவுத் தேர்வு ஓ.எம்.ஆர். தாளில். துபாயில் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் பல வைக்கும் ‘கேட் 4’ திறனறித் தேர்வு அடாப்டிவ் இல்லை, ஆனால் ஒவ்வொரு சிறு பகுதிக்கும் நேரம் கறாராக ஓடும். கேட் 4-ஐத் தயாரிக்கும் நிறுவனத்தின் ‘என்.ஜி.ஆர்.டி.’ வாசிப்புத் தேர்வு அடாப்டிவ். இங்கிலாந்தில் சில தனியார் உயர்நிலைப் பள்ளிகள் கேட்கும் ‘ஐ.எஸ்.இ.பி. காமன் ப்ரீ-டெஸ்ட்’ அடாப்டிவ், அதிலும் திரும்பிப் போக முடியாது. ஆகவே பள்ளிக்கு ஒரு மெயில் போட்டு இதையெல்லாம் கேட்டு வாங்குங்கள்: தேர்வின் முழுப் பெயர், எந்த வகுப்புக்கான பதிப்பு, எந்தப் பாடங்கள், பள்ளிக்கு நேரில் வர வேண்டுமா அல்லது வீட்டிலிருந்தா, எந்த மதிப்பெண் எதிர்பார்க்கிறார்கள், சரியாக வராவிட்டால் மறு தேர்வு உண்டா. இதற்குப் பதில் வராமல் எந்த கோச்சிங்குக்கும் பணம் கட்டாதீர்கள். அடாப்டிவ் தேர்வில் கேள்வி வங்கி மிகப் பெரியது. அடுத்தடுத்து உட்காரும் இரண்டு பிள்ளைகளுக்கே வேறு வேறு கேள்விகள் வரும். ‘சென்ற முறை வந்த கேள்விகள்’ என்று யாராவது விற்றால், அது புக் பேக் ஒன் மார்க்கை உருப்போடுகிற அதே பழக்கம்தான், இங்கே செல்லாது.

இனி கணிதப் பாடம். ஆறாம் வகுப்பும் அதற்கு மேலும் உள்ள பதிப்பில் நான்கு பகுதிகள்: இயற்கணிதம், எண்கள், வடிவியல், புள்ளியியலும் நிகழ்தகவும். கணினி இந்த நான்கிலிருந்தும் மாற்றி மாற்றிக் கேள்வி எடுக்கும். நம் பள்ளிகளில் புள்ளியியல் வேகமாகத் தாண்டிப் போய்விடும் பாடம். அமெரிக்கப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பிலேயே பாக்ஸ் ப்ளாட் (எண்களின் பரவலைப் பெட்டியும் கோடுமாகக் காட்டும் படம்), டாட் ப்ளாட் (ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு புள்ளி வைக்கும் படம்), மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்), கால்மான வீச்சு (நடுப் பாதி எண்களின் பரவல்) எல்லாம் வந்துவிடுகின்றன. பாக்ஸ் ப்ளாட் என்ற படத்தையே பார்த்திராத பிள்ளை, கணக்கில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அந்தப் பகுதியில் இறங்கிவிடும். மூன்று நாளில் கற்றுக்கொடுத்துவிடக்கூடிய விஷயம் இது. முதல் வாரத்திலேயே முடியுங்கள்.

அளவுகளும் இடிக்கும். 12,50,000 என்று நாம் போடும் கமா அங்கே 1,250,000. தேதியில் மாதம் முதலில் வரும். 12 அங்குலம் 1 அடி, 3 அடி 1 கஜம், 16 அவுன்ஸ் 1 பவுண்டு, 4 குவார்ட் 1 கேலன் என்ற மாற்றங்கள் கையில் இருக்கட்டும். டெல்டாப் பிள்ளைக்கு இது பெரிய பாரமில்லை. 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்று தாத்தா வாயில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அளவு மாற்றுவது புதிதா என்ன? ‘ஏழரை மா எத்தனை சதுர அடி?’ என்று அந்தக் கணக்கிலேயே ஆரம்பித்து, பிறகு கேலனுக்குப் போங்கள்.

தப்பான விடைகள் எப்படித் தயாரிக்கப்படுகின்றன என்பதையும் பிள்ளை பார்க்க வேண்டும். ஒரு மாதிரிக் கேள்வி: 20 சதவீதத் தள்ளுபடிக்குப் பிறகு ஒரு பையின் விலை 48 டாலர். தள்ளுபடிக்கு முந்தைய விலை என்ன? விடைகள் 38.40, 57.60, 60, 68. நாற்பத்தெட்டில் 20 சதவீதத்தைக் கழித்தவருக்கு 38.40 கிடைக்கும். அதையே கூட்டியவருக்கு 57.60. சதவீதக் குறியைக் கவனிக்காமல் 20-ஐக் கூட்டியவருக்கு 68. முதல் விலையில் 80 சதவீதம்தான் 48 என்று புரிந்தவருக்கு மட்டும் 60. பிள்ளை போட்ட தப்பான விடை அப்படியே திரையில் நாலில் ஒன்றாக நிற்கும், ‘இதோ இருக்கே’ என்று நம்பிக் கிளிக் செய்துவிடும். அதனால் விடை பட்டியலில் இருக்கிறது என்பதே சரியென்பதற்குச் சான்று ஆகாது. கிடைத்த விடையைக் கேள்விக்குள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: 60-இல் 20 சதவீதம் 12, கழித்தால் 48, சரி. இந்தச் சோதனைக்கு பத்து விநாடிதான் ஆகும். மேப் தேர்வில் நேரக் கட்டுப்பாடு கிடையாது, ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் போல ஆகும், அந்தப் பத்து விநாடி தாராளமாக இருக்கிறது. வேகமாக முடிப்பதைச் சாமர்த்தியம் என்று பாராட்டி வளர்த்திருந்தால் அதை இந்த மூன்று மாதமும் நிறுத்துங்கள்.

வாசிப்புதான் உண்மையில் கடினமான பகுதி, உங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் இங்கே போக வேண்டும். நம் பள்ளி ஆங்கிலத்தில் பாடம் தெரிந்தது, கேள்வி தெரிந்தது, விடையும் நோட்டில் இருக்கிறது. இங்கே முன்பின் பார்க்காத பத்தி, அதில் எழுதாத ஒன்றைக் கேட்கும் கேள்வி. எழுதாததை ஊகிப்பதைத் தமிழிலேயே தொடங்குங்கள். ‘பாட்டி வானத்தை ஒரு தரம் பார்த்தாள். வாசலில் காய்ந்துகொண்டிருந்த வடகத்தைப் பாயோடு சுருட்டி, பாதி ஓட்டமாக உள்ளே போனாள்.’ ஏன்? மழை என்ற சொல்லே இல்லை. ‘வடகம் காய்ந்துவிட்டது’ என்று பிள்ளை சொன்னால், அதற்கு எந்தச் சொல் சான்று என்று கேளுங்கள். ‘காய்ந்துகொண்டிருந்த’ என்று இருக்கிறது, இன்னும் காயவில்லை. வானத்தைப் பார்த்தது, பாயோடு சுருட்டியது, ஓட்டம் இந்த மூன்றும் மழைக்குச் சான்று. இப்படிச் சொல்லைச் சுட்டிக்காட்டி விடை சொல்லும் பழக்கம் வந்தபின் ஆங்கிலப் பத்திக்குப் போங்கள்.

தினம் ஒரு பத்தி, 250 முதல் 300 சொல், திரையில்தான் படிக்க வேண்டும். ஒரு நாள் கதை, ஒரு நாள் அறிவியல் அல்லது வரலாறு, வாரம் ஒரு சிறு கவிதை. படித்ததும், ‘இது எதைச் சொல்ல வந்தது?’ என்பதற்கு ஒரே வாக்கியத்தில் தமிழில் பதில். பிறகு கேள்விகள், ஒவ்வொரு விடைக்கும் எந்த வரி சான்று என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும். தெரியாத சொல்லுக்கு உடனே அகராதியைத் திறக்கக் கூடாது. முன்னும் பின்னும் உள்ள வரியை வைத்துப் பொருளை ஊகித்து எழுதிய பிறகு சரிபார்க்கட்டும்.

கேள்வியின் மொழியையும் தனியாகக் கற்றுக்கொடுங்கள். ‘இன்ஃபர்’ (ஊகி), ‘மோஸ்ட் லைக்லி’ (பெரும்பாலும்), ‘ஆதர்ஸ் பர்பஸ்’ (எழுதியவரின் நோக்கம்), ‘டோன்’ (தொனி), ‘சம்மரைஸ்’ (சுருக்கிச் சொல்), கணக்கில் ‘ப்ராடக்ட்’ (பெருக்கல் விடை), ‘கோஷன்ட்’ (ஈவு), ‘அட் லீஸ்ட்’ (குறைந்தது), ‘அட் மோஸ்ட்’ (அதிகபட்சம்). ‘அட் லீஸ்ட் 5’ என்றால் ஐந்தும் சேரும் என்பதைத் தவறவிட்டு, கணக்குத் தெரிந்தும் கோட்டை விடுகிறார்கள். தப்புகளை எழுதும் நோட்டில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: பாடம் தெரியவில்லை, கேள்வி புரியவில்லை, தெரிந்தும் தவறவிட்டேன். இரண்டு வாரம் கழித்து எந்த நெடுவரிசை நீளமாக இருக்கிறதோ அதற்குத்தான் அடுத்த உழைப்பு. மூன்றாவது நெடுவரிசை நீளமாக இருந்தால் இன்னும் பாடம் நடத்துவதில் பயனில்லை, வேகத்தைக் குறைக்க வேண்டும்.

கணினிப் பழக்கத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். செல்போனில் விரலால் தள்ளிப் பழகிய பிள்ளைக்கு மவுஸால் ஒன்றை இழுத்துப் போடுவது முதல் நாள் தடுமாற்றமாக இருக்கும். இழுத்துப் போடும் கேள்வி, ஒன்றுக்கு மேற்பட்ட விடையைத் தேர்வு செய்யும் கேள்வி, கட்டத்தில் புள்ளி வைக்கும் கேள்வி எல்லாம் வரும். தேர்வை நடத்தும் என்.டபிள்யு.ஈ.ஏ. நிறுவனமே இலவசப் பயிற்சித் தேர்வு ஒன்றை இணையத்தில் வைத்திருக்கிறது. அது சிறியது, மதிப்பெண்ணுக்கானது அல்ல, கருவிகள் கைக்குப் பழகத்தான். கால்குலேட்டர் சில கேள்விகளுக்கு மட்டும் திரையில் தோன்றும் என்பதை அங்கே பார்த்துவிடலாம். கணக்கை மட்டும் எப்போதும் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும், திரையைப் பார்த்தபடி மனதில் போடுவதுதான் பாதி கவனப் பிழைக்குக் காரணம்.

வீட்டிலிருந்து எழுத வேண்டியிருந்தால் மின்சாரத்தை முதலில் யோசியுங்கள். பேட்டரி செத்துப்போன லேப்டாப்பில் தேர்வு வைக்காதீர்கள். வைஃபைக்கு இன்வர்ட்டர் இணைப்பு இருக்கிறதா, இல்லாவிட்டால் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் அந்த அறையில் சிக்னல் நிற்கிறதா என்று அதே நேரத்தில், அதே நாற்காலியில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். இணைப்பு அறுந்தால் நிறுத்திய இடத்திலிருந்து தேர்வைத் தொடர வழி உண்டு; கண்காணிப்பாளருக்கு உடனே சொல்லும் தொடர்பு எண்ணை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு அறையில் நினைவில் நிற்க வேண்டிய விதிகள் கொஞ்சம்தான். தெரியாத கேள்வியில் நிச்சயம் தப்பு என்று தெரிகிற விடைகளை ஒதுக்கி, மிச்சத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நகர வேண்டும். படிக்காமலே கிளிக் செய்யக் கூடாது. ஒவ்வொரு கேள்விக்கும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணினி கவனிக்கிறது. தொடர்ந்து அதிவேகமாக விடை வந்தால் தேர்வு தானே நின்று கண்காணிப்பாளருக்குத் தகவல் போகும், அந்த மதிப்பெண்ணின் நம்பகத்தன்மையும் கேள்விக்குள்ளாகும். ‘இப்போது சுலபமாக வந்தது, அப்படியென்றால் போனது தப்பு’ என்று வேவு பார்ப்பது வேண்டாம். பாடப்பகுதி மாறினாலும் கேள்வி சுலபமாகத் தோன்றும். முதல் ஐந்து கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்பதும் தவறு. ஆரம்பத்தில் மதிப்பீடு பெரிதாகத் தாவும், பின்னால் வரும் மீதிக் கேள்விகள் அதைச் சரிசெய்துவிடும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளிநாட்டுக் கல்லூரிக்கு எஸ்.ஏ.டி. எழுதப் போகும் அண்ணன் அக்காக்களும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்கு விதி வேறு. இந்தியாவிலும் 2023 முதல் டிஜிட்டலாகிவிட்ட அந்தத் தேர்வில் கேள்விக்குக் கேள்வி மாறாது, தொகுதிக்குத் தொகுதி மாறும். ஆங்கிலம் 32 நிமிடத் தொகுதி இரண்டு, தலா 27 கேள்வி. கணிதம் 35 நிமிடத் தொகுதி இரண்டு, தலா 22 கேள்வி. முதல் தொகுதியை எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாவது கடினமாகவோ சுலபமாகவோ வரும், சுலபமானதற்குப் போனால் உச்ச மதிப்பெண்ணுக்கு எட்டாது. தொகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம், தப்புக்கு மதிப்பெண் கழியாது, ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள். எஸ்.ஏ.டி. நடக்கும் புளூபுக் செயலியில் இருக்கும் முழு மாதிரித் தேர்வுகள் நிஜத் தேர்வு போலவே அடாப்டிவ், தாளில் அச்சடித்தவை அப்படி இல்லை. அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் பயிற்சி செய்ய நினைத்தால், விண்டோஸ் 10-க்குக் கீழே இருந்தால் புளூபுக் ஓடாது.

உங்கள் மூன்று மாதத்துக்கு வருவோம். முதல் வாரம் அட்டைத் தேர்வும் புள்ளியியலும். அடுத்த ஏழு வாரம் தினம் ஒன்றரை மணி நேரம், 50 நிமிடம் வாசிப்பு, 40 நிமிடம் கணக்கு, ஞாயிறு விடுமுறை. பிறகு மூன்று வாரம், வாரம் இரண்டு முறை ஒரு மணி நேரம் எழுந்திருக்காமல் திரையில் கேள்வி செய்யும் பழக்கம். கடைசி வாரம் தப்பு நோட்டை மட்டும் புரட்டினால் போதும்.

முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் ‘எத்தனை சரி?’ என்று கேட்காதீர்கள், அதற்கு அங்கே அர்த்தமில்லை. அறிக்கையில் ரிட் எண்ணும், அதே வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை சதவீதத்தினருக்கு மேலே நிற்கிறாள் என்ற பெர்சென்டைலும் இருக்கும். தோராயமாக ஒப்பிட்டுப் பார்க்க: 2025-இல் புதிய நெறி அட்டவணை (வகுப்பு வாரியான சராசரிப் பட்டியல்) வருவதற்கு முன் இருந்த 2020 அட்டவணையில், ஏழாம் வகுப்புத் தொடக்கத்தில் சராசரி கணிதத்தில் சுமார் 220, வாசிப்பில் சுமார் 214 ஆக இருந்தது. ரிட் எண்ணில் மூன்று புள்ளி அளவுக்கு இப்படி அப்படி இருப்பது அளவீட்டின் இயல்பு. அதனால் பள்ளி எதிர்பார்த்த எண்ணுக்கு இரண்டு புள்ளி குறைந்து வந்தால், அறிக்கையில் அச்சாகியிருக்கும் அந்த வீச்சைக் காட்டி, மறு தேர்வோ நேர்முகமோ தரும்படி பள்ளியிடம் தயங்காமல் கேளுங்கள்.